திங்கட்கிழமை வந்த கொலாச்சி

...செவ்வாய்க்கிழமைதான், வேறென்ன கிழமை, என் கையாலேயே கத்தரித்து என் கையாலேயே அட்டையில் ஒட்டிய இரங்கல் செய்தி, மேலே என் எழுத்து, அப்போதெல்லாம் என் எழுத்து நேராக நிற்கும், இப்போது போல வலது பக்கமாகப் படுத்துக்கொள்ளாது: ‘ரைமர்ஸ், திருமதி அகஸ்ட் (மின்னா), செவ்வாய், ஜனவரி 17, 1978, காலை, சொந்த வீட்டில்.’ நாற்பத்தாறு வருஷமாக இந்த இழுப்பறையில் தன் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறது, ஒருநாளும் வெளியே எடுத்ததில்லை, எதற்கு எடுக்க, அம்மா செத்த நாள் மகளுக்குத் தெரியாதா? இன்றைக்கு எடுத்ததுகூட எனக்காக இல்லை, அக்கா லவோனுக்காக. நேற்று அவள் மகள் ரோண்டா போன் பண்ணினாள். “சித்தி, அம்மாவுக்கு இதயம் ரொம்ப வீக் ஆயிடுச்சு. இனிமே வாரக் கணக்குதான்னுட்டார் டாக்டர். நீங்க வந்து பார்க்கலாமான்னு கேட்டேன். ‘எங்கம்மா செத்தது என்னைக்குன்னு எழுத்துல கொண்டுவந்து காட்டச் சொல்லு. காட்டினா வரட்டும், இல்லைன்னா அங்கேயே கெடக்கட்டும்’ங்கறாங்க.” பார்த்தீர்களா, மூக்கில் ஆக்சிஜன் குழாய், ஆனாலும் வாய் குறையவில்லை. சரி, எழுத்துதானே, எழுத்துக்கா எனக்குப் பஞ்சம், இந்தக் கவுண்டியில், இந்த மாவட்டம் பூராவும், செத்தவர்கள் அத்தனை பேரும் என் கைக்குள் அல்லவா இருக்கிறார்கள்.

பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை அதுதான். கோர்ட் கட்டிடத்தின் அடித்தளத்தில், கொதிகலனுக்குப் பக்கத்துப் பழைய ஆவண அறையில், செவ்வாயும் வியாழனும் பத்து மணி முதல் மூன்று மணி வரை நான்தான். வாரப் பத்திரிகையில் வரும் இரங்கல் செய்தி ஒவ்வொன்றையும் கத்தரித்து, ஒட்டி, அடுக்கி வைக்கிறேன், கோடையானால் கலிபோர்னியாவிலிருந்தும் ஆரிகனிலிருந்தும் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள், “எங்க கொள்ளுப்பாட்டி கெர்ட்ரூடைக் காணோம்” என்று கண் கலங்குவார்கள், கெர்ட்ரூட் எங்கே போவாள், அவள் புருஷன் பெயரில் ‘திருமதி ஹென்றி’ என்று படுத்திருப்பாள், அந்தக் காலத்துப் பெண்ணுக்குப் பத்திரிகையில் சொந்தப் பெயர் கிடைப்பது அபூர்வம். இன்னும் சிலர் மாடிக்குப் போய் இறப்புச் சான்றிதழ் கேட்டு, இல்லை என்றதும் ஏதோ சதி நடந்த மாதிரி இறங்கி வருவார்கள். நம் கவுண்டியில் ஆஸ்பத்திரி கிடையாதப்பா, பக்கத்துக் கவுண்டிக்குப் போய்த்தான் சாகவேண்டும், செத்த இடத்தில்தான் பதிவு, காகிதத்தை நம்பினால் எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் சாகவே இல்லை. இதை நான் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். கூடவே இன்னொன்றும் சொல்லி அனுப்புவேன், இரங்கல் செய்தியை நம்பாதீங்க, அது குடும்பம் எழுதுறது, குடிகாரன்கூட அதுல மீன்பிடிப்பில் ஆர்வமுள்ளவன் ஆயிடுவான், சான்றிதழைப் பாருங்க, அதுல ‘தகவல் தந்தவர்’னு ஒரு கட்டம் இருக்கும், யார் சொன்னதுன்னு அதுல தெரியும், அதுவும் போதலைன்னா அந்த வாரத்து ஊர்ச் செய்தியைப் படிங்க, யார் யார் வீட்டுக்குக் கேக் கொண்டுபோனாங்கன்னு இருக்கும். கேக் பொய் சொல்லாது. ஐயோ, எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

ஆனால் லவோனுக்கு இந்த அட்டை போதுமா? போதாது, நீதானே ஒட்டினே, நீதானே எழுதினே என்பாள், அவளைத் தெரியாதா எனக்கு, நாற்பத்தாறு வருஷம் பேசாமல் இருந்ததே ஒரு ரொட்டிக்காக. ஆமாம், ரொட்டிக்காகத்தான், இதை நான் சர்ச் சாப்பாட்டில் எத்தனை தடவை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அம்மா செவ்வாய்க்கிழமை காலை போனாள், உடனே ஒமாஹாவில் இருந்த அக்காவுக்குப் போன் போட்டேன், அன்றைக்குத்தான் பனி கொட்ட ஆரம்பித்தது, அக்கா புதன்கிழமை மத்தியானம் பனி தள்ளும் வண்டிக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்து சேர்ந்தாள், கையுறையைக்கூடக் கழற்றவில்லை, சமையலறையில் துணி போட்டு மூடியிருந்த தட்டிலிருந்து ஒரு கொலாச்சியை எடுத்துக் கடித்தாள், நடுவில் ஆப்ரிகாட் கூழ் வைத்த ரொட்டி, செக் நாட்டிலிருந்து வந்தவர்கள் வீட்டில் பிறப்புக்கும் அதுதான் இறப்புக்கும் அதுதான். கடித்தவள் வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள். “இது எப்போ சுட்டது, ஆர்டி?” என்றாள். “நேத்து” என்றேன். “நேத்து சுட்டது இப்படிக் கல்லாவா இருக்கும்?” என்றாள். அடக்கம் முடிந்தது, சர்ச்சில் பன்றித்தொடை சாண்ட்விச், ஜெல்லி சாலட் எல்லாம் ஆயிற்று, காரில் ஏறும்போது, “எங்கிட்ட எதையோ மறைக்கிறே, அது என்னன்னு நீயே சொல்ற வரைக்கும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்” என்றாள். முழிக்கவில்லை. காய்ந்த ரொட்டிக்காக ஓர் அக்கா தங்கையை விட்டுப் போனாள் என்று நான் சொல்வேன், எல்லோரும் சிரிப்பார்கள்... எல்லோருமா? வடக்குப் பகுதி ஸ்வபோடா குடும்பம் உட்காருகிற மேசையில் மட்டும் காபியைப் பார்த்துக்கொண்டு இருப்பார்களே, அவர்களுக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் மட்டு என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, அட்டை வேண்டாம், பத்திரிகைப் பக்கம் முழுசையும் நகல் எடுத்துக் கொண்டுபோகலாம், அச்சில் இருந்தால் வாய் திறக்க முடியாது என்று 1978 தொகுப்பைத் தூக்கினேன், கன்றுக்குட்டி கனம், தோள் பட்டென்றது. ஜனவரி 19 இதழ், மூன்றாம் பக்கம், இதோ அம்மா, ‘செவ்வாய்க்கிழமை காலை அமைதியாக’... அமைதியாகவா, அமைதியாகத்தான் எழுதுவோம், யார்தான் ‘திட்டிக்கொண்டே’ என்று எழுதினார்கள், நகல் எடுத்துவிட்டு மூடியிருக்கலாம். மூடத்தான் போனேன். ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஊர்ச் செய்திகள், யார் வீட்டில் யார் சாப்பிட்டார்கள், யார் பசு கன்று போட்டது என்று பார்க்காமல் மூட எனக்கு வருமா, நாற்பத்தாறு வருஷத்துப் பழைய வம்பானாலும் வம்பு வம்புதானே. வடக்குப் பகுதி செய்தி, எழுதியவர் திருமதி எமில் ஸ்வபோடா, லிபூஷா, கேக்குக் கணக்கு எழுதுவதில் அவளை அடிக்க ஆளில்லை, தெற்குப் பகுதிக்கு நான் எழுதினேன், எனக்கும் அவளுக்கும் ஒரு போட்டி, வெளியே சொல்லிக்கொள்ள மாட்டோம். ‘எமில் ஸ்வபோடா தம்பதியர் திங்கட்கிழமை மாலை காரில் ரைமர்ஸ் வீட்டுக்குச் சென்று துக்கம் விசாரித்தனர். இரண்டு டஜன் கொலாச்சி கொண்டு சென்றனர்.’

திங்கட்கிழமை. இரண்டு தடவை படித்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை. முதலில் சிரிப்புதான் வந்தது, பாவம் லிபூஷா, அவளுக்குக் கிழமை என்றைக்கு நின்றது, பேரனுக்கு ஞானஸ்நானம் நடந்த மாதத்தையே மாற்றி எழுதியவள். செத்ததே செவ்வாய் காலை, திங்கள் மாலை எப்படித் துக்கம் விசாரிப்பார்கள், உயிரோடு இருக்கிற மனுஷிக்கா? ஆனால் அவள் வியாழக்கிழமைப் பத்திரிகைக்குச் செவ்வாய் காலையிலேயே எழுதிக் கொடுத்துவிடுவாள், செவ்வாய் மத்தியானம்தான் கெடு, நானோ கடைசி நிமிஷத்தில் ஓடுவேன், அவள் ஒருநாள் முந்தியே முடித்துவிடுகிற ரகம்... முந்தின நாள் நடந்ததைத்தானே எழுதியிருக்க முடியும்? சீ, என்ன கணக்கு இது. மேலே மாடிக்குப் போய்ச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்தால் லிபூஷா வாயும் அடைபடும் லவோன் வாயும் அடைபடும், அம்மா வீட்டிலேயே செத்தவள், பதிவு இங்கேதான் இருக்கும். பதினெட்டுப் படி. வருகிற நாளெல்லாம் இரண்டு தடவை ஏறுகிற படிதான், இன்றைக்குப் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன், தோள் வலிதான், தொகுப்பைத் தூக்கினேனே.

பதிவு அலுவலகத்தில் டார்லா, லிபூஷாவின் பேத்தி, அவளுடைய முதல் கல்யாணம் ஏன் முறிந்தது என்று அவளுக்குத் தெரிவதற்கு ஒரு வாரம் முன்பே எனக்குத் தெரியும், நல்ல பெண், கொஞ்சம் பருத்துவிட்டாள். “வாங்க ஆர்டித், இன்னைக்கு யாரைத் தோண்டுறீங்க?” என்றாள். “எங்கம்மாவை” என்றேன். அவள் சிரிப்பு அப்படியே நின்றது, நிற்க என்ன இருக்கிறது இதில்? “எதுக்கு இப்போ?” “லவோன் எழுத்துல கேக்கறா. உங்க பாட்டி வேற பத்திரிகையில கிழமையைக் குழப்பி வெச்சிருக்கா, புண்ணியவதி, செத்தும் வம்பை விடல.” டார்லா எழுந்து உள்ளே போனாள், இரும்பு அலமாரி கதவு கிரீச்சிட்டது, ரொம்ப நேரம் ஆனது, அத்தனை நேரம் ஆகாது, 1978 இரண்டாவது தட்டில் இருக்கிறது, எனக்கே தெரியும். திரும்பி வந்து புத்தகத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள், தான் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

இறந்த நாள்: ஜனவரி 15, ஞாயிறு. நேரம்: மாலை 4.40. இதயச் செயலிழப்பு, டாக்டர் கையெழுத்து, தேதி 16. அதற்குக் கீழே, நான் எல்லோருக்கும் விரலால் தொட்டுக் காட்டுகிற அந்தக் கட்டம். தகவல் தந்தவர்: ஆர்டித் ரைமர்ஸ், மகள்.

தப்பு. டாக்டர் தப்பாக எழுதியிருக்கிறார், அவர் குடிப்பார், எல்லோருக்கும் தெரியும்... 4.40 என்று குடிகாரன் எழுதுவானா, ஐந்து என்றல்லவா எழுதுவான், நாற்பது நிமிஷத்தைப் பார்த்தவள் ஒருத்தி இருந்திருக்கிறாள், அடுப்புக்கு மேலே இருந்த கடிகாரம், பச்சை விளிம்பு, அது ஐந்து நிமிஷம் முந்தி ஓடும், நான் கழித்துச் சொன்னேன், ஐந்து நிமிஷம் கழித்து... இது எங்கிருந்து வருகிறது, யாருடைய ஞாபகம் இது? “டார்லா, இது தப்புதானே?” என்றேன். அவள் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தாள். “ஆர்டித், எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். பாட்டி ஞாயித்துக்கிழமை ராத்திரி பூரா மாவு பிசைஞ்சாங்களாம். பத்திரிகையில செவ்வாய்னு வந்ததும் முதல்ல அச்சுப்பிழைன்னு நெனச்சாங்க. அப்புறம் நீங்களே செவ்வாய் செவ்வாய்னு சொல்லவும்... விட்டுட்டாங்க.” “எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?” “நீங்க சொல்லாத விஷயத்தை உங்ககிட்டயே நாங்க எப்படிச் சொல்றது?” என்றாள். வடக்குப் பகுதி முழுக்கவா, என்றேன். “தெற்கும்தான்” என்றாள். எல்லோருடைய வம்பும் என் காதுக்கு வந்துதான் ஊருக்குப் போகும் என்று இருந்தேன், இது ஒன்று மட்டும் என்னைச் சுற்றிக்கொண்டு, என் பின்னாலேயே, சர்ச் சாப்பாட்டில் ஜெல்லி சாலட் கிண்ணத்துக்கு மேலே, நாற்பத்தாறு வருஷம்... நான் ரொட்டிக் கதை சொல்லும்போதெல்லாம் அவர்கள் எதற்குச் சிரித்தார்கள்?

பனி. பனிதான் காரணம், ஆமாம், இப்போது தெரிகிறது, காரில் உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது, ரோடு மூடியிருந்தது, லவோனுக்குச் சின்னக் குழந்தை, சொன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள், பள்ளத்தில் விழுவாள், அதனால் ரோடு திறக்கட்டும் என்று இரண்டு நாள் பொறுத்தேன், அவள் நல்லதுக்குத்தான், இதைச் சொன்னால் யார்தான் குறை சொல்வார்கள், சாவியைத் திருகக்கூடத் திருகிவிட்டேன். ‘காரில் சென்று.’ ஸ்வபோடாக்கள் காரில் வந்தார்கள். ஏழு மைல், அந்தப் பழைய வண்டியில், மடியில் இரண்டு டஜன் கொலாச்சியோடு. திங்கட்கிழமை ரோடு திறந்துதான் இருந்தது. பனி செவ்வாய்க்கிழமைதான் வந்தது, நான் போன் பண்ணின பிறகு, ரோடு நன்றாக இருந்த இரண்டு நாளும் சும்மா இருந்துவிட்டு, பனி வருகிற நாளில் பார்த்து அவளைக் கிளம்ப வைத்திருக்கிறேன், குழந்தையோடு. வண்டியை அணைத்துவிட்டேன்.

அப்படியானால் திங்கட்கிழமை நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஊரில் யாருடைய திங்கட்கிழமையைக் கேட்டாலும் சொல்வேன், என்னுடையதைச் சொல்லத் தெரியவில்லை. போன் பண்ணியிருக்கிறேன், டாக்டருக்கு, சவ அடக்கக்காரருக்கு, பாதிரியாருக்கு, எட்டு வீட்டுக்கும் ஒரே லைன், ரிசீவரை எடுத்தால் கிளிக், கிளிக் என்று ஒவ்வொருத்தியாக ஒட்டுக்கேட்க வருவாள், நானும் மற்ற நாளெல்லாம் அப்படி வருகிறவள்தானே, அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, லவோன் ஒருத்தியைத் தவிர. அவள் போன் நம்பரை மறந்துவிட்டேனா, சமையலறைச் சுவரில் பென்சிலால் எழுதியிருக்குமே, அம்மா எழுதியது, பெரிய எழுத்தில், என் பெயர்கூட அந்தச் சுவரில் கிடையாது, இருக்கவேண்டிய அவசியம் என்ன, நான்தான் அங்கேயே இருந்தேனே, ஆறு வருஷம், மலச்சட்டி எடுத்து, முதுகு துடைத்து, கல்யாணப் பேச்சை இரண்டு தடவை தள்ளி வைத்து... அக்கா வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாள், கையுறை போட்டுக்கொண்டு, கையுறைக்கு என்ன, குளிருக்கு எல்லோரும்தான் போடுவார்கள். கடைசி வாரம் முழுக்க அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “வந்துட்டியா வோனி” என்றாள், லவோனை அவள் கூப்பிடுகிற பெயர். “ஆர்டிம்மா, நான் ஆர்டி” என்றேன் முதல் இரண்டு நாள். அப்புறம், “வந்துட்டேம்மா” என்றேன். ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் சொன்னேனோ? அடுப்புக்கு மேலே கடிகாரம், பச்சை விளிம்பு. வந்துவிட்டேன் என்று ஒருத்தி சொல்லிவிட்ட பிறகு, இன்னொருத்தியை வா என்று கூப்பிட... இது காரணமா, இல்லை இப்போது நான் கட்டுகிறதா? கலிபோர்னியாக்காரர்கள் இப்படித்தான் கட்டுவார்கள், இரண்டு தேதியைக் காட்டினால் நடுவில் ஒரு கதையை வைத்துவிடுவார்கள்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது, அது நிச்சயம், செவ்வாய்க்கிழமை காலை, வெளியே முதல் பனி, ரிசீவர் கையில் ரொம்ப நேரம் இருந்ததால் சூடாக இருந்தது, சொன்னேன், அந்தப் பக்கம் அக்கா மூச்சை இழுத்தாள், “எப்போ?” என்றாள். “இப்பதான்” என்றேன். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அந்த வார்த்தைக்குத் தகுந்தாற்போல் தைக்கவேண்டி வந்தது, செய்தியை, அட்டையை, சர்ச் கதையை, கல்லறைக் கல்லில் வருஷம் மட்டும் போதும் என்று நான்தான் சொன்னேன், நாளும் கிழமையும் எதற்கு, இடம் வீண் என்று...

பக்கத்து இருக்கையில் இரண்டு காகிதம். ஒன்றில் செவ்வாய், அச்சில். ஒன்றில் ஞாயிறு, டார்லா நகல் எடுத்துக் கொடுத்தது, முத்திரையோடு. அச்சைக் காட்டினால் போதும், லவோன் கேட்டது எழுத்துதான், சான்றிதழ் இல்லை, அவள் நிம்மதியாகக் கண்ணை மூடுவாள், ரொட்டிக்காக வீணாகப் பேசாமல் இருந்தேனே என்று என் கையைப் பிடித்து அழக்கூட அழுவாள், டார்லா வாய் திறக்கமாட்டாள், அந்த வீட்டுக்காரர்கள் திறக்கிற ரகம் இல்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கோர்ட் புல்வெளியில் ஒருத்தன் இலை வாரிக்கொண்டிருந்தான், ஷுல்ட்ஸ் வீட்டு இரண்டாவது மகன், மறுபடி வேலை போய்விட்டதா இவனுக்கு, யாரிடம் கேட்டால் தெரியும்... நான் என்ன யோசித்துக்கொண்டிருக்கிறேன். போனை எடுத்தேன். ரோண்டா கொடுத்த எண். ரோண்டா எடுப்பாள் என்று நினைத்தேன், மணி ஒன்று அடித்து முடிப்பதற்குள் குரல், மெலிந்து, ஆனால் அதே குரல், ஹலோ இல்லை, எப்படி இருக்கே இல்லை.

“என்ன கிழமை போட்டிருக்கு?”

அச்சுக் காகிதம்தான் கைக்குப் பக்கத்தில் இருந்தது. “ஞாயிறு” என்றது என் வாய். “சாயங்காலம், நாலு நாப்பது.”

ஆக்சிஜன் குழாயில் காற்று போகிற சத்தம் மட்டும், உஸ், உஸ். அந்த லைனில் இப்போது கிளிக் கிளிக் என்று யாரும் வருவதில்லை, யாராவது வந்தால் தேவலை என்று இருந்தது.

“இது உனக்கு எப்போ தெரியும், ஆர்டி?”

“இப்பதான்” என்றேன்.

அதே வார்த்தை, அதே குரலில், எடுத்து வைத்திருந்தது போல வந்து விழுந்தது. இந்தத் தடவை உண்மைதானே, இன்றைக்குப் பதினொன்றேகால் மணிக்கு, டார்லா மேசையில், என் கண்ணால் பார்த்துத்தானே... அப்படியானால் படியில் பாதியில் எதற்கு நின்றேன்? ஊரார் வீட்டு இழுப்பறையெல்லாம் திறந்து பார்க்கிறவள், இந்த ஒரு அட்டையை மட்டும் ஏன் தொடாமலே வைத்திருந்தேன்? தோள் வலி என்றேன், படியில் நின்றது தோளா கால்தானே.

அக்கா போனை வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. உஸ், உஸ்.

“ரோடு எப்படி இருக்கு?” என்றாள்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன், அக்டோபர் வெயில், ஈரம்கூட இல்லாத ரோடு, ஒமாஹா பக்கம் போகிற வளைவு வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. “நல்லா இருக்கு” என்றேன். சொன்ன பிறகுதான் தோன்றியது, அவள் எந்த நாள் ரோட்டைக் கேட்டாள், நான் எந்த நாள் ரோட்டைச் சொன்னேன்...